மணிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்

சம்பா அறுவடை முடிந்து அடுத்த தண்ணீர் வருவதற்குள் கிடைக்கும் மூன்று, நான்கு மாதங்கள்தான் திருச்சி மாவட்டத்தில் மண் வேலைக்கான காலம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன்பாக லால்குடி, மண்ணச்சநல்லூர் விவசாயிகள் வயலைச் சமன் செய்தாக வேண்டும். மணப்பாறை, மருங்காபுரி பக்கம் கோடை மழைக்கு முன்பே பண்ணைக்குட்டை வெட்டியாக வேண்டும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கம் தீவில், திருவளர்ச்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று கல்லணை வரை நீளும் வாழைத் தோட்டங்களில் பழைய கட்டைகளைத் தோண்டி எடுத்து, வடிகாலைச் சீர்செய்து, அடுத்த கன்று நடவுக்குத் தயாராக வேண்டும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஜேசிபி வேண்டும், பொக்லைன் வேண்டும், டோசர் வேண்டும்.

இந்த அவசரத்தில் வாடகை எப்படிப் பேசப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. டீக்கடையில் யாரோ ஒரு போன் நம்பர் தருகிறார். போன் போட்டு, 'மணிக்கு எவ்வளவு?' என்று கேட்கிறோம். இன்னொருவரிடமும் கேட்கிறோம். நூறு ரூபாய் குறைத்துச் சொன்னவருக்கு வேலை. மறுநாள் காலை வண்டி வந்து நிற்கிறது. வண்டி யாருடையது, இன்சூரன்ஸ் இருக்கிறதா, ஓட்டுபவருக்கு உரிமம் உண்டா, நேற்று எந்த வயலில் நின்றது என்று யாரும் கேட்பதில்லை.

விதை நெல் வாங்கும்போது மூட்டையில் சான்று அட்டை இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறோம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். பல வருடம் எரு போட்டுச் சேர்த்த மேல்மண்ணை ஒரே பகலில் புரட்டிவிடக்கூடிய இயந்திரத்தை மட்டும் வாய்ப்பேச்சில் வயலுக்குள் விடுகிறோம். இந்தப் பழக்கம் மாற வேண்டும். அதற்கு விவசாயி செய்ய வேண்டியது கொஞ்சம் உண்டு. மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டியது அதைவிட அதிகம் உண்டு.

நூறு ரூபாயின் கணக்கு

ஒரு பண்ணைக்குட்டையை எடுத்துக்கொள்வோம். மேல்மட்டத்தில் நீளம் 30 மீட்டர், அகலம் 30 மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர். கரை சரியாமல் இருக்க நான்கு பக்கமும் சரிவு விட்டால், அடிமட்டத்தில் 27 மீட்டர் சதுரம் வரும். வெட்டி எடுக்கும் மண்ணின் அளவைத் தெரிந்துகொள்ளச் சுலபமான வழி உண்டு. பாதி ஆழத்தில் நீளமும் அகலமும் எவ்வளவு என்று பார்த்து (இங்கே 28.5 மீட்டர்), இரண்டையும் பெருக்கி, அதை ஆழத்தால் பெருக்க வேண்டும். சுமார் 1,220 கன மீட்டர் வரும்.

கணக்குக்காக, ஒருவர் மணிக்கு ரூ.1,300 கேட்கிறார் என்றும் அவருடைய வண்டி மணிக்கு 40 கன மீட்டர் வெட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். முப்பதரை மணி நேரத்தில் வேலை முடியும், செலவு ரூ.40,000-ஐத் தாண்டாது. இன்னொருவர் ரூ.1,200 போதும் என்கிறார். ஆனால் வண்டி பழையது. பக்கெட் பற்கள் தேய்ந்தவை. ஆபரேட்டர் வேலைக்குப் புதியவர். மணிக்கு 30 கன மீட்டர்தான் ஆகிறது. வேலை 40 மணி நேரத்தைத் தாண்டும், செலவு ரூ.49,000-ஐ நெருங்கும். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒன்பதாயிரம் போகிறது.

ஆகவே, வேலையை ஒப்படைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த வேலையை முடிக்க மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும்?' என்பது. அனுபவமுள்ளவர் இடத்தை வந்து பார்த்து, மண்ணை மிதித்துப் பார்த்துவிட்டு ஒரு கணக்குச் சொல்வார். 'வெட்ட வெட்டத் தெரியும்' என்று சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை. முதல் ஒரு மணி நேரம் வெட்டி முடித்ததும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். சொன்ன அளவுக்கும் வெட்டிய அளவுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், அங்கேயே நிறுத்திப் பேசுவதற்கு அதுதான் நேரம். பாறை தட்டினால் கணக்கு மாறும். அதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

வண்டியில் ஹவர் மீட்டர் இருக்கிறது. வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடினாலே மீட்டரும் ஓடும்; பக்கெட் அசைய வேண்டியதில்லை. ஆபரேட்டர் போன் பேசும் நேரத்துக்கும் சாப்பிடும் நேரத்துக்கும் நாம் பணம் கட்டுகிறோமா என்பது அதில் தெரிந்துவிடும். மீட்டர் ஓடவில்லை என்று சொன்னால், அந்த வண்டியை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

டீசல் யார் பொறுப்பு, ஆபரேட்டர் பேட்டா எவ்வளவு, குறைந்தபட்சம் எத்தனை மணி நேரத்துக்குக் காசு, வண்டி வந்து போகும் நேரமும் கணக்கில் சேருமா என்ற நான்கையும் பேசி, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பெல்ட் வண்டி சாலையில் ஓடி வராது. லாரியில் ஏற்றித்தான் வரும். அந்தப் போக்குவரத்துச் செலவைச் சொல்லாமல் விட்டுவிட்டுக் கடைசியில் பில்லில் சேர்ப்பதுதான் பல தகராறுகளின் தொடக்கம்.

'அங்கீகாரம் பெற்றது' என்றால் என்ன?

இப்போது பல வாடகை நிறுவனங்களின் விசிட்டிங் கார்டில் 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று அச்சிட்டிருக்கிறார்கள். மண் அள்ளும் இயந்திரத்தை வாடகைக்கு விடும் நிறுவனம் தரமானது என்று சான்று தரும் ஒரே அரசு அமைப்பு என்று எதுவும் நம் நாட்டில் இல்லை. ஜிஎஸ்டி எண் வைத்திருப்பது வரி கட்டுவதற்கான பதிவுதானே தவிர, வேலையின் தரத்துக்குச் சான்று ஆகாது. எனவே, அங்கீகாரம் என்ற சொல்லை நம்புவதைவிட, அதன் பின்னால் இருக்க வேண்டிய காகிதங்களைத் தனித்தனியாகப் பார்ப்பதே வழி.

முதலாவது, வண்டியின் பதிவுச் சான்று. சாலையில் ஓடும் ஜேசிபியும் மோட்டார் வாகனச் சட்டப்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டிய வாகனம்தான். இரண்டாவது, இன்சூரன்ஸ். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. இந்த இரண்டையும் பார்க்க யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால், பதிவும் இன்சூரன்ஸும் எதுவரை செல்லும் என்று தெரிந்துவிடும். நம்பர் பிளேட்டே இல்லாமல் வந்து நிற்கும் வண்டியை அப்படியே திருப்பி அனுப்புவது நல்லது.

மூன்றாவது, ஆபரேட்டரின் உரிமம். கூடவே, உள்கட்டமைப்பு சாதனத் திறன் கவுன்சில் போன்ற அமைப்பில் பயிற்சி முடித்த சான்று இருந்தால் இன்னும் நல்லது. நம் ஊர் இளைஞர்கள் திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே ஒருவர் கிரேன் ஓட்ட வேண்டுமானால், மனிதவள அமைச்சகத்தில் பதிவு பெற்றாக வேண்டும். இங்கேயோ நேற்றுவரை கிளீனராக இருந்தவர் இன்று லீவர் பிடிக்கிறார், யாரும் கேட்பதில்லை.

இந்தக் காகிதங்கள் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி ஒன்று வரப்பு வழியே வருகிறது. பக்கத்து நிலத்துக்காரரின் வாய்க்கால் மதகு உடைகிறது. அல்லது தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியில் பக்கெட் கை உரசுகிறது. எல்லாம் நல்லபடியாக நடக்கும்வரை இன்சூரன்ஸ் ஒரு காகிதம்தான். ஒரு உயிர் போய்விட்டால், 'யார் கூப்பிட்டு வந்த வண்டி?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். வண்டிக்காரர் போனை அணைத்துவிட்டால், ஊரில் இருப்பவர் நிலத்துக்காரர் மட்டுமே.

வயலில் இறங்கும் முன்

நல்ல வாடகைக்காரரை அடையாளம் காண இன்னொரு வழி, அவர் எப்போது 'வேண்டாம்' என்று சொல்கிறார் என்று கவனிப்பது. ஈரம் காயாத களிமண் வயலில் வண்டியை இறக்கினால் அடிமண் இறுகிப்போகும். வேர் இறங்காது, தண்ணீர் வடியாது. 'நாலு நாள் காயட்டும், பிறகு வருகிறேன்' என்று சொல்பவர் அந்த நாலு நாள் வருமானத்தைத் தள்ளிவைக்கிறார். அவர் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சமன் செய்யும்போது மேல்மண்ணை முதலில் தனியாக ஒதுக்கிவைத்து, அடிமண்ணைச் சரிசெய்த பிறகு மறுபடி மேலே பரப்பத் தெரிந்தவரா என்பதையும் பார்க்க வேண்டும். இது தெரியாதவர் சமன் செய்த வயலில், மேட்டுப் பகுதியில் பயிர் மஞ்சளாகவும் பள்ளத்தில் கரும்பச்சையாகவும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஸ்ரீரங்கம் தீவு விவசாயிகளுக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்க வேண்டும். வாழையைத் தாக்கும் வாடல் நோய்க்குக் காரணமான பூஞ்சணம் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ரஸ்தாளி, கற்பூரவல்லி, நெய்ப்பூவன் ரகங்கள் இந்த நோய்க்கு எளிதில் ஆளாகக்கூடியவை. நோய் கண்ட தோட்டத்தில் கட்டை தோண்டிய இயந்திரம், டயரிலும் பக்கெட்டிலும் ஒட்டிய மண்ணோடு அடுத்த தோட்டத்துக்கு வந்தால் நோயும் கூடவே வரும். மருந்து தெளித்து மண்ணிலிருந்து இதை முழுமையாக ஒழித்துவிட முடியாது. 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நம் மாவட்டத்திலேயே, தாயனூரில் இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வண்டி தோட்டத்துக்குள் நுழையும் முன், ஒட்டிய மண்ணைச் சுரண்டி எடுத்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஆகும். முகம் சுளிக்காமல் இதைச் செய்பவர்தான் வாழை ஊருக்கு ஏற்ற வாடகைக்காரர்.

நெல் அறுவடை இயந்திரத்துக்கும் இதே விதிதான். முந்தைய வயலின் நெல்லும் களை விதையும் இயந்திரத்துக்குள் தங்கியிருக்கும். விதைப்பண்ணை வைத்திருப்பவருக்கு ரகக் கலப்பு என்பது சான்றே கிடைக்காமல் போகும் அளவுக்கு நஷ்டம்.

மண்ணுக்கும் அனுமதி வேண்டும்

வெட்டிய மண் எங்கே போகிறது என்பதிலும் கவனம் தேவை. 'வாடகையே வேண்டாம், மண்ணை எடுத்துக்கொள்கிறோம்' என்று யாராவது வந்தால் அது இலவசம் அல்ல. அனுமதி இல்லாமல் மண்ணோ மணலோ எடுத்துச் சென்றால், 1957-ம் ஆண்டு கனிமச் சட்டப்படி வண்டியைப் பறிமுதல் செய்யலாம்; வழக்குப் போடலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ, அவரும் பதில் சொல்ல வேண்டிவரும். ஆற்றங்கரைப் படுகையில் நிலம் வைத்திருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

ஏரி, குளங்களிலிருந்து வண்டல் மண் எடுக்க நினைப்பவர்களுக்கு நேர்வழி இருக்கிறது. 2024 ஜூலை முதல் வட்டாட்சியர் அளவிலேயே இதற்கு அனுமதி தரப்படுகிறது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்பது வரம்பு. அனுமதிச் சீட்டைக் காட்டினால்தான் வண்டியை அனுப்புவேன் என்று சொல்லும் வாடகைக்காரர் நம்மைத் தொந்தரவு செய்யவில்லை, காப்பாற்றுகிறார்.

அரசு வண்டியும் உண்டு

வேளாண் பொறியியல் துறையே டிராக்டர், புல்டோசர், மண் அள்ளும் இயந்திரம், அறுவடை இயந்திரம் ஆகியவற்றை வாடகைக்கு விடுகிறது. அண்மை ஆண்டுகளில் டிராக்டருக்கு மணிக்கு ரூ.500, புல்டோசருக்கு ரூ.1,230 என்று கட்டணம் இருந்தது. கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால், உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. 2018-ல் வந்த உழவன் செயலியில் இ-வாடகை மூலம் வீட்டிலிருந்தே முன்பதிவு செய்யலாம். பணம் முன்கூட்டியே கட்டுவதால் ரசீது உண்டு. இடைத்தரகர் இல்லை. 2020 ஊரடங்கின்போது டாபே நிறுவனம் தமிழகத்தின் சிறு விவசாயிகளுக்கு இலவசமாக டிராக்டர் உழவு செய்து கொடுத்தபோது, உழவன் செயலி வழியாகவும் பதிவு நடந்தது. முறையாகச் செய்தால், ஒரு போனிலிருந்து வயல்வரை இயந்திரத்தைக் கொண்டுவர முடியும் என்பதற்கு அது உதாரணம்.

குறை எங்கே என்றால், வண்டிகளின் எண்ணிக்கையில். எல்லோரும் கேட்கும் சித்திரை, வைகாசியில் வரிசை நீளும். காத்திருக்க முடியாதவர் தனியாரிடம்தான் போவார். மத்திய அரசின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் 2014-15 முதல் மானியம் பெற்று வாடகை மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கங்கள் சிலவற்றிலும் இயந்திரங்கள் இருக்கின்றன. மானியத்தில் வாங்கியவை விவசாயிக்கு வாடகைக்குக் கிடைக்க வேண்டும். தனியாரிடம் போகும் முன், இந்த இரண்டு இடங்களிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். வேளாண் இயந்திரங்களின் வாடகைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உழவுக்கோ அறுவடைக்கோ யாராவது ஜிஎஸ்டி சேர்த்து பில் கொடுத்தால், ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மாவட்ட நிர்வாகம் என்ன செய்யலாம்?

இத்தனையும் ஒரு விவசாயி தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்பது நியாயமல்ல. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் ஆர்.சி. புத்தகத்தையும் இன்சூரன்ஸ் தேதியையும் கேட்டால், 'இஷ்டம் இருந்தால் கூப்பிடு' என்று சொல்லிவிட்டு வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். ஊர் முழுவதும் கேட்டால்தான் அந்தக் கேள்விக்குப் பலம் வரும். அரசு கேட்டால் இன்னும் பலம்.

இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் நிறுவனங்கள் மாவட்ட நிர்வாகத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் நெறிமுறை வகுத்தது. தமிழக அரசும் 2015-ல் ஊராட்சிகளுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும், 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்ததை இந்த மாவட்டம் மறக்க முடியாது. விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. ஊராட்சி அளவில் யாராவது அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

மண் வேலை இயந்திரங்களுக்கும் அப்படியொரு பதிவு வேண்டும். பதிவு, இன்சூரன்ஸ், ஆபரேட்டர் உரிமம் மூன்றும் சரியாக உள்ள தனியார் வண்டிகளின் பட்டியலை வட்டார வாரியாகத் தயாரித்து, ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டலாம். உழவன் செயலியில் ஏற்றலாம். டெல்டா மாவட்டங்களில் நெல் அறுவடை இயந்திரத்துக்கு ஆட்சியர் முன்னிலையில் முத்தரப்புக் கூட்டம் நடத்தி வாடகை நிர்ணயிக்கும் வழக்கம் உண்டு. கோடை தொடங்கும் முன், ஜேசிபிக்கும் டோசருக்கும் அதே போன்ற கூட்டம் நடக்கலாம். ஆபரேட்டர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி தருவதற்குக் குமுளூரில் வேளாண் பொறியியல் கல்லூரியே இருக்கிறது. நல்ல முறையில் தொழில் செய்யும் வண்டி உரிமையாளர்களும் இதை எதிர்க்க மாட்டார்கள். காகிதமே இல்லாமல் நூறு ரூபாய் குறைத்து ஓட்டுபவர்களால் முதலில் அடிபடுவது அவர்கள்தான்.

மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை வைக்க வேண்டும். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். ரூ.5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே போக ரசீது வேண்டும். எழுதிய தாள் வேண்டும். மீட்டரின் படம் வேண்டும். வாய்ப்பேச்சை எந்த ஆணையத்தின் முன்பும் வைக்க முடியாது.

அடுத்த முறை போன் போடும்போது, 'மணிக்கு எவ்வளவு?' என்ற கேள்வியைக் கடைசியில் கேளுங்கள். 'வண்டி நம்பர் என்ன, யார் ஓட்டுவார், எப்போது வந்து இடத்தைப் பார்ப்பீர்கள்?' என்று முதலில் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.